டிக்கெட்டும் தண்டமும் – தங்கவயல் ரயில் வழியே ஒரு சிறு வரலாறு

கோலார் தங்க வயலைப் பற்றி மலர்களில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே வரும். ஒன்று தங்கம், மற்றொன்று சுரங்கத்தின் ஆழம், மூன்றாவது 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம். மூன்றும் பெருமைக்குரியவையே. ஆனால் இன்று தங்கவயல் தமிழனின் அடுப்பு எரிவதற்குக் காரணமாக இருப்பது இம்மூன்றுமல்ல. மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்கு முன்னே புறப்படும் ரயில்தான். அந்த ரயிலோடு சேர்ந்தே வரும் ஒரு விஷயத்தை, டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வதையும் அதற்கு விதிக்கப்படும் தண்டத்தையும், வரலாற்று நோக்கில் எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். "இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று அன்பர்கள் கேட்கலாம். கடை வைத்துக் கணக்கெழுதிப் பழகியவனுக்குச் சீட்டு என்றாலே அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

சொல்லில் தொடங்குவோம்

நம் மக்கள் டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'வித்தவுட்'. "வித்தவுட்ல வந்தான், மாட்டிக்கிட்டான்" என்பார்கள். ஆங்கிலத்தில் வெறும் இடைச்சொல்லாக இருப்பது தமிழில் ஒரு முழுக் குற்றத்தின் பெயராகிவிட்டது. இன்னொரு சொல் 'ஓசி'. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்கள் கட்டணமின்றிப் போவதற்கு மேலுறையில் இடப்பட்ட ஆங்கில எழுத்துகளிலிருந்து இச்சொல் வந்தது என்று ஒரு விளக்கம் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சர்க்கார் காகிதத்துக்கு இருந்த சலுகையைக் குடிமகன் தனக்கும் எடுத்துக்கொண்டதை அந்தக் கதை குறும்பாகச் சொல்கிறது.

மூன்றாவது சொல் 'தண்டம்'. தண்டுதல் என்றால் வசூலித்தல். வரி வசூலுக்குத் தண்டல் என்ற பெயர் இன்றும் வழக்கில் உண்டு. கன்னடத்திலும் அபராதத்துக்குத் 'தண்ட' என்பதே பெயர். ஆகையால் பங்காரப்பேட்டையில் இறங்கிய தமிழனுக்கும் கன்னடியனுக்கும் செக்கர் சொல்வது ஒரே சொல்லாகத்தான் கேட்கும்! வீணாய்ப் போன காசை 'தண்டச் செலவு' என்று வீட்டுப் பெண்கள் சொல்வதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

முத்திரையும் சீட்டும்

ஒரு வழியைக் கடக்கவோ ஒரு பொருளைக் கொண்டுசெல்லவோ அரசின் அடையாளம் வேண்டும் என்ற ஏற்பாடு ரயிலோடு பிறந்ததல்ல. காவிரிப்பூம்பட்டினத் துறையில் சுங்கம் கொள்வோர் பண்டங்களின் மேல் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. புலி இல்லாத மூட்டை வெளியே போக முடியாது.

கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் துல்லியமானது. நாட்டுக்குள் வருவோர், போவோருக்கு முத்திரைச் சீட்டு வழங்க ஓர் அதிகாரியையே அது குறிப்பிடுகிறது. சீட்டுக்குக் கட்டணம் ஒரு மாஷகம். சீட்டில்லாமல் போகும் உள்நாட்டானுக்குத் தண்டம் 12 பணம். ஒரு பணத்துக்கு 16 மாஷகம் என்ற கணக்கில், கட்டணத்தைப்போல் 192 மடங்கு! இதில் வேறொரு நுட்பமும் உண்டு. சீட்டு இல்லாதவனையும் பொய்ச் சீட்டு வைத்திருப்பவனையும் அந்நூல் ஒரே தட்டில் வைக்கவில்லை. பொய்ச் சீட்டுக்குத் தண்டம் அதிகம். இல்லாமை வேறு, ஏமாற்று வேறு என்ற இந்தப் பாகுபாட்டை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்றைய ரயில் சட்டத்திலும் அது வரப்போகிறது.

அட்டைச் சீட்டு வந்த கதை

ரயில் டிக்கெட்டை இன்றைய வடிவில் முறைப்படுத்தியவர் இங்கிலாந்தின் தாமஸ் எட்மண்ட்சன். நியூகாசில் – கார்லைல் பாதையில் மில்டன் என்ற சிறு நிலையத்தில் அவர் நிலைய அதிகாரியாக இருந்தார். அதற்குமுன் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. எழுதுபவன் எத்தனை எழுதினான், எத்தனைக்குக் காசைக் கம்பெனிக்குக் கட்டினான் என்று சரிபார்க்க வழியில்லை. 1830-களின் பிற்பகுதியில் எட்மண்ட்சன் சிறிய அட்டைகளில் வரிசை எண் அச்சிட்டார், தேதி குத்த ஒரு கருவியும் செய்தார். காலையில் இருந்த எண்ணை மாலையில் இருக்கும் எண்ணிலிருந்து கழித்தால் அன்றைய விற்பனை தெரிந்துவிடும். வியாபாரிகளுக்கு இதன் அருமை சட்டென்று விளங்கும். பயணியைப் பிடிப்பதற்கு மட்டுமன்று, விற்பவனின் கணக்கைப் பிடிப்பதற்கும் பிறந்தது டிக்கெட். நம் நாட்டிலும் கணினிச் சீட்டு வந்து பரவும்வரை அந்த அட்டைதான் ஆண்டது.

தென்னாட்டில் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட்டுக்கு 1864-இல் பாதை வந்தது. பாதைக்கு முன்னேயே சட்டம் வந்துவிட்டது. 1854-ஆம் ஆண்டின் முதல் ரயில் சட்டமே, கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறாமல் எவரும் வண்டியில் ஏறக்கூடாது, கேட்கும்போது காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதன்பின் நெடுங்காலம் ஆட்சி செய்தது 1890-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. டிக்கெட் இல்லாதவன், செக்கர் கண்டுபிடிப்பதற்கு முன்னே தானாகவே போய் வண்டியில் பணியிலிருக்கும் ஊழியரிடம் "என்னிடம் சீட்டில்லை" என்று சொன்னால், அவன் கட்ட வேண்டிய கூடுதல் தொகை மிகவும் குறைவு. பிடிபட்ட பிறகு சொன்னால் முழுத்தொகை. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்றாலும், முந்திச் சொன்ன வாய்க்கு ஒரு மதிப்பு வைத்திருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தங்கவயல் கிளைப்பாதை

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தங்கவயலில் கால் வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்கள் எழுந்தன. கனத்த இயந்திரங்களும் எரிபொருளும் வந்து இறங்கப் பிரதான பாதையிலிருந்து ஒரு கிளை தேவைப்பட்டது. மைசூர் அரசு அதை அமைத்தது. அன்று பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 10 மைல். 1894-இல் திறந்தார்கள். பௌரிங்பேட்டை என்ற பெயர் 1862 முதல் 1870 வரை மைசூரின் கமிஷனராயிருந்த பௌரிங் துரையால் வந்தது.

இந்தப் பத்து மைலில்தான் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து மக்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்ற நிலையப் பெயர்களைச் சொல்லும்போதே சுரங்கங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். 1964-இல் பி.இ.எம்.எல். தொழிற்சாலை வந்த பிறகு அதன் பெயரிலும் ஒரு நிலையம் ஏற்பட்டது. பாதையின் முதலாளி மட்டும் மாறிக்கொண்டே வந்தார். மதராஸ் ரயில்வே போய் 1908-இல் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே வந்தது. 1951-இல் தென்னக ரயில்வே, 2003 முதல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வே. பயணி மட்டும் அதே பயணிதான்.

சோதனைக்குப் பழகிய ஊர்

தங்கவயல் மக்களுக்குச் 'செக்கிங்' என்பது ரயிலில் வந்து கற்றுக்கொண்ட பாடம் அல்ல. ஷிப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளியைத் தங்கம் கொண்டுவருகிறானா என்று உடற்சோதனை போட்டு வெளியே விட்டது சுரங்கம். இடுப்பளவு தண்ணீரிலும் தாங்க முடியாத வெக்கையிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவன், வாசலில் கை தூக்கி நிற்க வேண்டும். அவனவன் நேர்மையை அவனவனே தினமும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

1930 ஏப்ரலில் தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது ஊரே எழுந்து நின்றது. 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கூலியைவிட மானத்தை முன்வைத்து நடந்த போராட்டம் என்று அதைச் சொன்னால் தகும். எங்களைத் திருடர்களின் பட்டியலில் எழுதாதே என்பதே அதன் சாரம். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், டிக்கெட் விஷயத்திலும் தங்கவயல்காரனுக்கு வலிப்பது காசு போவது மட்டுமன்று. பிளாட்பாரத்தில் நாலு பேர் பார்க்க ஓரமாக நிறுத்தி வைக்கப்படுவதுதான்.

2001-க்குப் பின்

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுத் தொழில் ஒரே நாளில் நின்றது. ஊரில் வேலை இல்லை. ஆனால் வீடு இருந்தது, கோயிலும் சர்ச்சும் இருந்தன, பிள்ளைகளின் பள்ளி இருந்தது. பெங்களூரில் வாடகை கொடுத்துக் குடியேற வசதி இல்லை. ஆகவே ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தினமும் போய், தினமும் திரும்பும் வாழ்க்கை தொடங்கிற்று. கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, கடை வேலை, கார்மெண்ட்ஸ், பின்னர் கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஆயிரக்கணக்கானோர். அன்று லிப்டில் இறங்கிய தலைமுறையின் பிள்ளைகள் ரயிலில் ஏறினார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குச் சீசன் டிக்கெட்தான் உயிர்நாடி. சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரையுள்ள தூரத்துக்குக் கிடைக்கும். நம் பாதை அதற்குள் அடங்குகிறது. தினமும் தனித்தனியாக எடுப்பதைவிட மாதச் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் மொத்தமாக ஒரு தொகையை மாதத் தொடக்கத்தில் எடுத்து வைக்கத் தினக்கூலிக்காரனுக்குக் கை வராது. அங்கேதான் 'வித்தவுட்' நுழைகிறது. நேற்று வேலை கிடைக்கவில்லை, இன்று கிடைத்தால் நாளை எடுக்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். அந்த நாளைக்குள் செக்கர் வந்துவிடுவார்.

இக்குறையை அரசும் ஒருமுறை கண்டுகொண்டது. 2009-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் மம்தா பானர்ஜி, மாத வருமானம் 1500 ரூபாய்க்கு மேற்படாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 100 கிலோமீட்டர் வரை 25 ரூபாயில் மாதச் சீட்டு அறிவித்தார். அதன் பெயர் 'இஜ்ஜத்'. பொருள் மானம், மரியாதை! 1930-இல் தங்கவயல் கேட்டதும் அதுதானே. மாரிகுப்பம் – பெங்களூர் தூரம் அந்த 100 கிலோமீட்டருக்குள் வந்தது. ஆனால் மாதம் 1500 ரூபாய்க்குள் வருமானம் என்று சான்று பெற வேண்டும். பெங்களூருக்குப் போய்க் கூலி செய்பவன் எத்தனை பேர் அந்த வரம்புக்குள் நிற்க முடியும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

1890-இன் சட்டம் போய் 1989-இன் ரயில்வே சட்டம் வந்தது. அதில் இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 137-ஆம் பிரிவு ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்பவனுக்கு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனிப்பட்ட காரணம் இல்லாவிட்டால் 500 ரூபாய்க்குக் குறையாது. இதை விதிப்பவர் மாஜிஸ்ட்ரேட். 138-ஆம் பிரிவு, எண்ணம் எப்படியிருந்தாலும் செல்லத்தக்க சீட்டு இல்லாதவனுக்கு. பயணக் கட்டணத்தோடு 'கூடுதல் கட்டணம்' ஒன்றும் சேரும். அது கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது. அந்தக் குறைந்தபட்சம் முதலில் 50 ரூபாயாக இருந்து, 2004-இல் 250 ஆக உயர்ந்தது. அர்த்தசாஸ்திரத்தில் பார்த்த பாகுபாடு இங்கே இரண்டு பிரிவுகளாக நிற்பது கவனிக்கத்தக்கது.

கட்டணம் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20-ம் 250-ம் சேர்ந்து 270. இது தினக்கூலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இது அபராதமல்ல, கூடுதல் கட்டணம்; ஆகவே வாங்கும் உரிமை செக்கருக்கு உண்டு. கட்ட மறுத்தால் அல்லது கையில் இல்லாவிட்டால் விஷயம் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகும். அங்கும் கட்டாவிட்டால் பத்து நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறை. 270 ரூபாய்க்குப் பத்து நாள் உள்ளே இருந்தால், கூலியும் போய், சில சமயம் வேலையும் போகும்.

இன்னொரு சிக்கல் பங்காரப்பேட்டையில் ஏறுபவர்களுக்கு. எங்கே ஏறினான் என்று ஐயம் வந்தால், வண்டி புறப்பட்ட நிலையத்திலிருந்து கட்டணம் கணக்கிடச் சட்டம் இடம் தருகிறது. நடுவில் சோதனை நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்து. சென்னையிலிருந்து வரும் எக்ஸ்பிரஸில் பங்காரப்பேட்டையில் ஏறி 70 கிலோமீட்டர் மட்டுமே போகிறவன், ஏறிய இடத்தைக் காட்ட முடியாவிட்டால் ஏறக்குறைய 360 கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டி வரலாம். பிளாட்பார டிக்கெட்டாவது கையிலிருந்தால், அது பயணச் சீட்டு ஆகாது, கூடுதல் கட்டணமும் தப்பாது. ஆனால் ஏறிய இடத்துக்குச் சாட்சியாக நிற்கும்.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

முதலாவது, முந்திச் சொல்லுதல். 1890-இல் இருந்த குறைந்த தண்டச் சலுகை இப்போதைய சட்டத்தில் இல்லை. ஆனால் 55-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கவுண்டரில் கூட்டம், வண்டி கிளம்புகிறது என்ற நிலையில், அதிகாரம் பெற்ற ஊழியரின் அனுமதியோடு, பின்னர் கட்டணம் செலுத்துவதாகச் சொல்லி ஏறலாம். அதற்கு அவர் ஒரு சான்று தருவார். அந்தச் சான்று கையிலிருந்தால் கூடுதல் கட்டணம் கிடையாது. கார்டு என்று நாம் அழைத்தவருக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர். பெயர் மாறினாலும், ஏறுவதற்கு முன் அவரையோ டி.டி.இ.யையோ தேடிச் சொல்வதே வழி. ஏறி உட்கார்ந்து, சோதனை வந்தபின் "இப்பத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்பது எடுபடாது.

இரண்டாவது, ரசீது. பணம் கட்டினால் எண் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவே மிச்சப் பயணத்துக்குச் சீட்டு. ரசீது இல்லாமல் கொடுத்த காசு தண்டமும் அல்ல, கட்டணமும் அல்ல. அதற்கு வேறு பெயர். எட்மண்ட்சன் வரிசை எண் போட்டது எதற்காக என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

மூன்றாவது, பெண்களும் பிள்ளைகளும். ஆண்துணை இல்லாத பெண்ணையோ பிள்ளையையோ டிக்கெட் இல்லை என்பதற்காக நினைத்த இடத்தில் இறக்கிவிட 139-ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. பயணம் தொடங்கிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் – இவற்றில் மட்டுமே, அதுவும் பகலில் மட்டுமே. இரவு வண்டியில் வேலை முடிந்து திரும்பும் நம் பெண்கள் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, செல்போன் டிக்கெட். போனில் எடுத்த சீட்டைப் போனிலேயே காட்ட வேண்டும். பேட்டரி இறங்கிப் போனால், காசு கட்டியவனும் 'வித்தவுட்' கணக்கில்தான் வருவான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சோற்றுடப்பாவைப் பார்ப்பது போல் சார்ஜையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சீசன் டிக்கெட்டை வேறு சட்டைப் பையில் மறந்தவன் கதியும் இதுவே. ஒருவர் சீசனை இன்னொருவர் கொண்டுபோவதோ தனிக் குற்றம். "அண்ணனோட பாஸ்தானே சார்" என்று சொல்லிப் பயனில்லை.

நிறைவாக

ஏழையாயிருப்பதால் சீட்டெடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். 1917-இல் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவலத்தை உருக்கமாக எழுதிய காந்தியடிகளே, விடுதலைக்குப் பின் டிக்கெட் இல்லாப் பயணத்தைக் கடிந்து பேசினார். இரண்டையும் ஒரே மனிதர்தான் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. சமணத்தில் இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தில் ஒன்று திருடாமை. அதற்கு வரும் ஐந்து குறைகளைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிச் சொல்லும்போது, திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் ஒழுங்கை மீறுதல், கள்ள எடை கள்ள அளவு ஆகியவற்றையும் அதில் சேர்த்தது. தராசு பிடிப்பவன் மட்டுமல்ல, தராசின் மறுபக்கம் நிற்பவனும் அளவு தவறக்கூடாது என்று வணிகனாகிய நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதே தராசு ரயில்வேக்கும் பொருந்தும். ஆயிரக்கணக்கான பேர் ஏறும் காலை வேளையில் கவுண்டர் போதுமான அளவு திறந்திருக்க வேண்டும், வண்டியில் நிற்கவாவது இடம் வேண்டும், தண்டம் வாங்கினால் ரசீது வர வேண்டும். ஏமாற்றுக்காரனுக்கு 137, இல்லாதவனுக்கு 138 என்று சட்டம் பிரித்து வைத்த பாகுபாடு செக்கரின் நாக்கிலும் இருக்க வேண்டும். திருடன் என்ற சொல்லை எடுக்கும் உரிமை மாஜிஸ்ட்ரேட்டுக்கு முன்பு எவருக்கும் கிடையாது.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் நடத்துவது சிறப்பே. அதோடு, ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் முதல் கூலி வரும்வரை ஒரு சீசன் டிக்கெட்டுக்குக் கைமாற்றுக் கொடுக்கும் சிறு நிதி ஒன்றை வைத்தால், புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அந்த முதல் தண்டத்திலிருந்து தப்புவார்கள். தொகை சிறியது. மாதச் சீட்டின் விலைதான். சுரங்க வாசலில் கை தூக்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், ரயில் நிலைய வாசலிலாவது சீட்டைக் காட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்து போகட்டும்.